ஐரோப்பாவுக்குக் காரில் போகுமுன்: பிரேக்டவுன் கவர் எடுப்பது எப்படி?

பிரிட்டனுக்கு வந்து லைசென்ஸ் எடுத்து, ஒரு காரும் வாங்கிவிட்டால் அடுத்த ஆசை பெரும்பாலும் ஒன்றுதான். டோவரில் கப்பலேறியோ, ஃபோக்ஸ்டனில் ரயிலில் காரை ஏற்றியோ அந்தப் பக்கம் போய் ஓட்ட வேண்டும். பாரிஸ் லா ஷப்பேல் கடைத்தெரு, ஜெர்மனியில் ஹாம் காமாட்சி அம்மன் கோவில் தேர், ஸ்விட்சர்லாந்து மலை என்று ஆளுக்கொரு காரணம் இருக்கும். ஹோட்டலையும் கப்பல் டிக்கெட்டையும் வாரக்கணக்கில் அலசுகிறவர்கள்கூட, வழியில் கார் பழுதாகி நின்றால் உதவிக்கு வரும் பாலிசியான பிரேக்டவுன் கவரைக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரிதான் வாங்குகிறார்கள். விலை குறைந்தது எது என்று பார்த்து, முதலில் வந்ததைத் தட்டிவிட்டு, பெட்டி கட்டப் போய்விடுவார்கள்.

பிரிட்டனில் பதிவான சொந்தக் காரில் முதல் முறையாகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்றுபோன காரை ரோட்டிலிருந்து இழுத்து ஒரு கராஜில் விடுவதை எந்த பாலிசியும் செய்துவிடும். பணமும் தலைவலியும் அதற்கு அடுத்த மூன்று நாளில்தான் வரும். ஊர் பேர் தெரியாத இடத்தில், சனிக்கிழமை சாயங்காலம், குடும்பத்தோடு நிற்கும்போது யார் எங்கே தூங்குவது, எப்படி வீடு போவது, கார் எப்போது வரும்? பாலிசியை இந்தக் கேள்விகளை வைத்து எடை போடுங்கள். விலையைக் கடைசியில் பார்க்கலாம்.

எந்த இன்சூரன்ஸ் எதற்கு?

பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் மூன்று வேறு வேறு பாலிசிகளை நம் ஆட்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, கார் இன்சூரன்ஸ். நீங்கள் யார் மீதாவது இடித்தாலும், உங்கள் மீது யாராவது இடித்தாலும் இதுதான் வேலை செய்யும். பிரிட்டிஷ் பாலிசி எதுவாக இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குறைந்தபட்ச மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே இருக்கும். ஆனால் இங்கே காம்ப்ரிஹென்சிவ், அதாவது முழுக் காப்பீடு, வைத்திருப்பதால் அங்கேயும் அதே அளவு கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சில நிறுவனங்கள் முழுக் காப்பீட்டையும் சும்மா தருகின்றன. சில நிறுவனங்கள் நாள் கணக்கு வைத்து, அதற்கு மேல் தனிக் கட்டணம் கேட்கின்றன. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு கிரீன் கார்டு (கார் இன்சூரன்ஸ் இருப்பதற்கான சர்வதேச அத்தாட்சி) தேவையில்லை.

இரண்டாவது, பயண இன்சூரன்ஸ். இந்திய பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா எடுத்தவர்கள் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்டியிருப்பீர்கள். அது உங்கள் உடம்புக்கு. கார் நின்றுபோனால் அதிலிருந்து ஒரு காசு வராது. "விசாவுக்கே இன்சூரன்ஸ் எடுத்துவிட்டோமே" என்று சொல்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன்.

மூன்றாவதுதான் பிரேக்டவுன் கவர். விபத்து, ஆஸ்பத்திரி இரண்டும் இல்லாமல் வண்டி தானாகப் பழுதாகி நின்றால் உதவிக்கு ஆள் அனுப்புவது இதன் வேலை. இதில் எல்லாரும் தவறாக எடுத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. கராஜில் ஆகும் ரிப்பேர் செலவு, அதாவது பாகங்களின் விலையும் கூலியும், பொதுவாக உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். கியர்பாக்ஸ் போனால் கியர்பாக்ஸ் வாங்கித் தர மாட்டார்கள். இழுத்துப் போவது, தங்குமிடம், மாற்று வண்டி, வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது, இவ்வளவுதான் கவர். ரிப்பேருக்கும் சேர்த்துத் தரும் பாலிசிகள் இருக்கின்றன, ஆனால் அதற்குத் தனிப் பெயரும் தனி விலையும் இருக்கும்.

ஏற்கெனவே கையில் இருக்கிறதா?

புதிதாக வாங்கும் முன் நான்கு இடங்களில் தேடிப் பாருங்கள். மாதக் கட்டணம் வாங்கும் வங்கிக் கணக்குகள் சிலவற்றில் ஐரோப்பிய பிரேக்டவுன் கவர் சேர்ந்தே வரும். காருக்கு வயது குறைவு என்றால் தயாரிப்பு நிறுவனம் தரும் ரோட்டோர உதவி இன்னும் உயிரோடு இருக்கலாம். டீலரிடம் சர்வீஸ் செய்யும்போதெல்லாம் அதை ஒரு வருடம் நீட்டித்துத் தரும் நிறுவனங்களும் உண்டு. கார் இன்சூரன்ஸிலேயே கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்திருக்கலாம். நான்காவதாக, ஏஏ, ஆர்ஏசி, கிரீன் ஃபிளாக் போன்ற ரோட்டோர உதவி நிறுவனங்களில் ஏதாவது ஒன்றில் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கலாம். ஆனால் சாதாரண உறுப்பினர் கவர் பிரிட்டனோடு முடிந்துவிடும். ஐரோப்பாவைத் தனியாகச் சேர்க்க வேண்டும், உறுப்பினருக்கு அதில் விலை குறைவாகவும் இருக்கலாம்.

இருப்பது தெரிந்ததும் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். சும்மா வரும் கவரில் வரம்புகள் இறுக்கமாக இருப்பது வழக்கம். எந்தெந்த நாடுகள், ஒரு பயணத்துக்கு எத்தனை நாள், காருக்கு எத்தனை வயது வரை, காரை பிரிட்டனுக்குத் திருப்பிக் கொண்டுவருவார்களா? இந்த நான்குக்கும் பதில் சரி என்றால் புதிதாக வாங்க வேண்டியதே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல டயர் போடலாம்.

உங்கள் பயணத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

விலை கேட்கப் போகுமுன் ஒரு தாளில் சில விவரங்களைக் குறித்துக்கொண்டால் வேலை சுலபமாகும். கார் முதலில் பதிவான தேதி, எடை, நீளம். மேலே பெட்டி கட்டுகிறீர்களா, பின்னால் டிரெய்லர் இழுக்கிறீர்களா? போகிற வழியில் கடக்கும் எல்லா நாடுகளும். கிளம்பும் தேதி, திரும்பும் தேதி. எத்தனை பேர், அவர்களில் யார் யார் ஓட்டுவார்கள்.

நாடுகள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாலிசியில் 'ஐரோப்பா' என்று போட்டிருப்பது அட்லஸில் பார்க்கும் ஐரோப்பா அல்ல, அவர்கள் போட்ட பட்டியல்தான். சிலர் மண்டலம் மண்டலமாகப் பிரித்து விலை வைக்கிறார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி எல்லாவற்றிலும் இருக்கும். பால்கன் பக்கமோ துருக்கியோ போகிறீர்கள் என்றால் நாட்டின் பெயரைப் பட்டியலில் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிரான்ஸ் துறைமுகமான கலேயிலிருந்து ஹாம் போக ஏறக்குறைய 500 கிலோமீட்டர். பெல்ஜியத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், பல பேர் நெதர்லாந்தின் வழியாகவும் போகிறார்கள். வழியில் மட்டும் கடக்கும் நாடுகளும் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஒரு பயணத்துக்கா, வருடம் முழுமைக்குமா என்பது அடுத்த கேள்வி. வருடத்தில் ஒரு முறைதான் போவீர்கள் என்றால் ஒற்றைப் பயண கவர் போதும். பள்ளி விடுமுறைக்கெல்லாம் பாரிஸ் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு வருட பாலிசி லாபம். அதிலும் ஒரு பயணம் இத்தனை நாளுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு இருக்கும். இன்னொன்று, கவர் பிரிட்டனிலிருந்து கிளம்புமுன் வாங்கியதாக இருக்க வேண்டும். கலேயில் இறங்கி, இன்ஜின் லைட் எரிவதைப் பார்த்துவிட்டு வாங்கினால் செல்லாது.

சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டும் காருக்கும் ஓட்டுநருக்கும்தான் கவர். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது எம்ஓடி (காரின் வருடாந்தரத் தகுதிச் சோதனை) காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய லைசென்ஸில் ஓட்டும் முதல் ஒரு வருடத்துக்குள் போகிறவர்கள், இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கார் இன்சூரன்ஸும் பிரேக்டவுனும் அதை ஏற்குமா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள். புரொவிஷனல், அதாவது பழகுநர், லைசென்ஸோடு வெளிநாட்டில் ஓட்டவே கூடாது.

பாலிசியைப் படிக்க வேண்டிய இடங்கள்

இரண்டு பக்கச் சுருக்கம் ஒன்று தருவார்கள். பச்சை டிக் குறிகளும் சிவப்புப் பெருக்கல் குறிகளும் போட்ட அந்தத் தாள் ஒரு முதல் பார்வைக்குச் சரி. உண்மையான விஷயமெல்லாம் முப்பது நாற்பது பக்கம் நீளும் முழு பாலிசியில்தான் இருக்கிறது. முழுதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் கீழே உள்ள இடங்களை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

காரின் சந்தை விலை. பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காரைத் திருப்பிக் கொண்டுவர ஆகும் செலவு, அந்தக் காரின் பிரிட்டிஷ் சந்தை விலையைவிட அதிகமானால் கொண்டுவர மாட்டோம் என்று கிட்டத்தட்ட எல்லா பாலிசியிலும் ஒரு வரி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கார் இன்று 1,500 பவுண்டுக்குப் போகும். தெற்கு இத்தாலியில் நின்றுபோகிறது. அங்கிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவர அதற்கு மேல் ஆகும் என்று அவர்கள் முடிவு செய்தால், காரை அங்கேயே ஸ்கிராப்புக்குக் கொடுக்கச் சொல்வார்கள், இல்லையென்றால் மிச்சப் பணத்தை உங்களைக் கட்டச் சொல்வார்கள். ரிப்பேர் செலவையும் சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பாலிசிகள் உண்டு. சந்தை விலையை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்றும் பாருங்கள். காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் சுங்க வரி கேட்கலாம், அதையும் ஏற்றுக்கொள்ளும் பாலிசி பழைய காருக்கு நல்லது. பாரிஸ் வரைதான் போகிறீர்கள் என்றால் இந்த விஷயம் அவ்வளவு கடிக்காது. தூரம் போகப் போகக் கடிக்கும்.

'எவ்வளவு நேரத்தில்' என்ற வரி. கார் உடனே சரியாகாவிட்டால் ஹோட்டலோ மாற்று வண்டியோ தருவோம் என்பார்கள். 'உடனே' என்றால் அன்றைக்குள்ளா, பன்னிரண்டு மணி நேரமா, இருபத்து நான்கு மணி நேரமா? அதேபோல், காரைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாலும் 'நீங்கள் ஊர் திரும்பும் தேதிக்குள் சரிசெய்ய முடியாது' என்று கராஜ் சொன்ன பிறகுதான். பயணத்தின் இரண்டாம் நாளே கார் நின்று, திரும்பப் பத்து நாள் இருந்தால், அவர்கள் அந்தப் பத்து நாளையும் கராஜுக்குக் கொடுப்பார்கள். பிரான்ஸில் ஆகஸ்ட் மாதம் பல கராஜ்கள் விடுமுறையில் மூடிக் கிடக்கும். ஜூலை 14, ஆகஸ்ட் 15 இரண்டும் அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்ய மாட்டார்கள். போதாததற்கு நம் கார் வலது பக்க ஸ்டீயரிங். அதற்கென்றே உள்ள பாகம் போய்விட்டால் பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். பாரிஸ் விநாயகர் தேருக்கு ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறவர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்று வண்டி. பாலிசியில் ஒரே வரியில் எழுதியிருப்பார்கள், நடைமுறையில் பாதிச் சண்டை இங்கேதான். ஏழு பேர் ஏழு சீட் வண்டியில் போகிறோம், அங்கே தருவது ஐந்து சீட் சின்னக் கார். 'அதே அளவு வண்டி கிடைத்தால்' என்று ஒரு சொல் இருக்கும், கோடை விடுமுறையில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் இரண்டு கார் தருவார்களா, டாக்ஸிக்கோ ரயிலுக்கோ காசு தருவார்களா? வாடகை நிறுவனம் ஓட்டுபவரின் பெயரில் கிரெடிட் கார்டு கேட்கும். டெபிட் கார்டை ஏற்காத இடங்கள் நிறைய. குறைந்தபட்ச வயது 21 அல்லது 25 என்று இருக்கலாம். லைசென்ஸ் வழங்கும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவின் தளத்தில் எடுக்கும் லைசென்ஸ் சரிபார்ப்பு எண்ணையும் கேட்கலாம். அது 21 நாள்தான் செல்லும் என்பதால் கிளம்புமுன் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாடகைக் காரைப் பெரும்பாலும் பிரிட்டனுக்குள் கொண்டுவர விட மாட்டார்கள். கலேயில் ஒப்படைத்துவிட்டு, நடந்து கப்பலேறி, டோவரில் இன்னொரு காரை எடுக்க வேண்டும். எல்லாக் கப்பலிலும் நடந்து ஏறும் பயணிகளை எடுப்பதில்லை. உங்கள் டிக்கெட் ஃபோக்ஸ்டன் சுரங்க ரயிலுக்கு என்றால் கார் இல்லாமல் அதில் ஏறவே முடியாது. பெட்டிகள், தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள், கூடவே வயதான அம்மா அப்பா என்று இந்தக் காட்சியை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். டோவர் பக்கத்து வண்டிக்கும் பாலிசி காசு தருகிறதா, இல்லை கலேயோடு கை கழுவிவிடுகிறதா என்பது அப்போதுதான் முக்கியமாகத் தெரியும்.

விசா. எந்த வழிகாட்டியிலும் இதை நான் பார்த்ததில்லை. ஏனென்றால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. கார் சரியாகப் பல நாள் ஆகும் என்றால் குடும்பத்தை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஒருவர் போய்க் காரை எடுத்துவர பாலிசி பயணச் செலவு தரும். நல்ல வசதிதான். ஆனால் உங்கள் ஷெங்கன் விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கு மட்டும் என்றால் திரும்பப் போய் எடுக்க உங்களால் முடியாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பல முறை நுழைவு கேளுங்கள். கிடைத்த விசா ஒற்றை நுழைவு என்றால், 'சரிசெய்த காரை நாங்களே ஓட்டி வந்தோ ஏற்றி வந்தோ தருவோம்' என்று சொல்லும் பாலிசியைத் தேடுங்கள். விசாவில் போட்டிருக்கும் நாட்களையும் கடைசி நாள் வரை இழுத்துத் திட்டம் போடாதீர்கள், ரிப்பேருக்கென்று இரண்டு மூன்று நாள் மிச்சம் இருக்கட்டும்.

காசு யார் முதலில் கொடுப்பது. சில மலிவான பாலிசிகள், குறிப்பாக ஒப்பீட்டுத் தளங்களில் மேலே வருபவை, நீங்கள் செலவு செய்து ரசீது அனுப்பினால் பிறகு திருப்பித் தருகிற வகை. கையில் பணமும் கார்டில் இடமும் இருப்பவர்களுக்கு அது தவறில்லை. புதிதாக வந்து கிரெடிட் லிமிட் சின்னதாக இருப்பவர்களுக்கு, பாலிசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையே ஹோட்டலுக்கும் வாடகைக் காருக்கும் நேரடியாகப் பணம் கட்டும் பாலிசிதான் சரி. பத்து இருபது பவுண்ட் அதிகமானாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

மொத்த வரம்பு. ஒரு பயணத்துக்கு இவ்வளவு, ஹோட்டலுக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு, வாடகைக் காருக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். ஒவ்வொன்றையும் உங்கள் குடும்பத்தின் தலை எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். பெரிய எண்ணாகத் தெரிவது சில நேரம் இரண்டு இரவுக்குக்கூடக் காணாது.

சின்னச் சின்ன விலக்குகள்

கிளம்புமுன்னே இருந்த கோளாறுக்குக் கவர் கிடையாது. போன வாரம் மெக்கானிக் 'கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது' என்று எழுதிக் கொடுத்த தாள் இருந்தால் அதே கிளட்சுக்கு உதவி கேட்பது கஷ்டம். சாவியைத் தொலைத்தல், சாவியை உள்ளே வைத்துப் பூட்டுதல், பெட்ரோல் தீர்ந்துபோதல், தவறான எரிபொருள் போடுதல், பஞ்சர், இவை ஒவ்வொன்றும் ஒரு பாலிசியில் உள்ளே இருக்கும், இன்னொன்றில் வெளியே இருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, டயருக்குள் ஊற்றும் பசை டப்பாதான் இருக்கிறது. டயர் கிழிந்தால் அது உதவாது. அந்த நிலையில் இழுத்துப் போவார்களா என்று பாருங்கள். மின்சாரக் கார் என்றால் சார்ஜ் தீர்ந்தால் பக்கத்து சார்ஜருக்குக் கொண்டுபோவார்களா என்று கேளுங்கள்.

எரிபொருள் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பெயர்கள் நன்றாக ஏமாற்றும். பிரான்ஸில் 'கஸோல்' என்பது டீசல். இத்தாலியில் 'கசோலியோ' டீசல், 'பென்சினா' பெட்ரோல். ஸ்பெயினில் 'கசோலினா' பெட்ரோல், 'கசோலியோ' டீசல். பெயரைப் பார்க்காமல் ஒட்டியிருக்கும் குறியைப் பாருங்கள். 2018 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் இ5, இ10 என்றும், டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7 என்றும் ஒட்டுகிறார்கள். புதிய கார்களில் எரிபொருள் மூடியின் உட்பக்கத்திலும் இதே குறி இருக்கும்.

ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவர் நோயில் விழுந்தால் மாற்று ஓட்டுநர் அனுப்புவார்களா என்றும் பாருங்கள். சில பாலிசிகளில் உண்டு.

குத்தகைக் காரா?

லீஸ் காரில், காரின் பதிவுச் சான்றான லாக் புக் லீஸ் நிறுவனத்திடம் இருக்கும். அவர்கள் அனுமதியோடு விஇ103 என்ற சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் நாட்டை விட்டு வெளியே ஓட்ட முடியும். பிரிட்டனில் வாடகைக்கு எடுத்த காருக்கும் இதே கதை. கார் ரிப்பேருக்கு ஒப்புதல் தருவது உரிமையாளர் நிறுவனம் என்பதால், வார இறுதியில் அவர்களைப் பிடிக்கும் எண்ணையும் வாங்கி வையுங்கள். மாதத் தவணையில் எடுத்த காராக இருந்தால் ஒப்பந்தத்தில் வெளிநாட்டுப் பயணம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

காரில் என்ன இருக்க வேண்டும்?

பிரான்ஸில் எச்சரிக்கை முக்கோணமும் பளிச்சிடும் மேல்சட்டையும் கட்டாயம். இல்லையென்றால் 135 யூரோ அபராதம். மேல்சட்டை டிக்கியில் இருந்தால் போதாது, இறங்குமுன் மாட்டிக்கொள்ளும்படி சீட் பக்கத்தில் இருக்க வேண்டும். சட்டம் ஒன்று போதும் என்றாலும் ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதல்ல. ஆஸ்திரியாவில் முதலுதவிப் பெட்டியையும் கேட்பார்கள். ஸ்விஸ் மோட்டர்வேக்கு 40 ஃபிராங்க் வினியட் (சாலைக் கட்டண வில்லை) வேண்டும். நம்பர் பிளேட்டில் 'யுகே' அடையாளம் இல்லையென்றால் அந்த ஸ்டிக்கரை ஒட்டுங்கள். பழைய 'ஜிபி' ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது.

காகிதத்தில், வி5சி லாக் புக் அசல், கார் இன்சூரன்ஸ் சான்று, லைசென்ஸ், பிரேக்டவுன் பாலிசி எண் நான்கும் வேண்டும். பாலிசி எண்ணையும் வெளிநாட்டிலிருந்து அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி கிளவ் பாக்ஸில் வையுங்கள். உள்ளூரில் இருந்து அழைக்கும் எண் வெளிநாட்டிலிருந்து வேலை செய்யாமல் போகலாம். ஓட்டாத இன்னொருவரின் போனிலும் அது பதிவாகியிருக்கட்டும். ரோமிங் இருக்கிறதா என்று கிளம்புமுன் பாருங்கள், பிரெக்ஸிட்டுக்குப் பிறகு எல்லா நெட்வொர்க்கும் சும்மா தருவதில்லை.

நின்றுவிட்டால் என்ன செய்வது?

பிரான்ஸ் மோட்டர்வேயின் விதியைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள். அங்கே உங்கள் பிரேக்டவுன் நிறுவனம் வந்து இழுக்க முடியாது. அந்தச் சாலைப் பகுதிக்கு அனுமதி பெற்ற ரெக்கவரி வண்டி மட்டும்தான் வரலாம். ஆகவே முதல் அழைப்பு உங்கள் நிறுவனத்துக்கு அல்ல. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாக நிற்கும் ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியிலோ, 112 என்ற எண்ணிலோ அழைக்க வேண்டும். ஆரஞ்சு தொலைபேசியில் பேசினால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

வருகிறவர் அரை மணி நேரத்துக்குள் ரோட்டோரத்திலேயே சரியாகும் என்றால் செய்து கொடுப்பார். இல்லையென்றால் மோட்டர்வேயை விட்டு வெளியே இழுத்துப் போவார். கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயித்திருக்கிறது, அதனால் பேரம் பேசவும் வேண்டாம், ஏமாறுவோம் என்று பயப்படவும் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு மேல் காலை எட்டு வரையிலும், வார இறுதியிலும், விடுமுறை நாளிலும் அதில் பாதி கூடும். பெரும்பாலும் நீங்கள் அங்கேயே கட்டிவிட்டு ரசீதோடு பாலிசியில் கேட்க வேண்டும். நல்ல பாலிசிகள் இதைத் திருப்பித் தரும். உங்கள் பாலிசியில் இந்த வரி இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். வண்டி மோட்டர்வேயை விட்டு வெளியே வந்த பிறகு உங்கள் நிறுவனத்தை அழைத்தால், அதற்கு மேல் அவர்கள் பொறுப்பு.

பாதுகாப்பில் நம் காருக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது. அங்கே ஓரமாக நிறுத்துவது வலது பக்கம். நம் ஸ்டீயரிங்கும் வலது பக்கம். ஆக, ஓட்டுநர் பத்திரமாகத் தடுப்புப் பக்கம் இறங்கிவிடலாம். இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்களின் கதவுதான் ஓடும் லாரிகளின் பக்கம் திறக்கும். பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தால் இடது கதவைத் திறக்க விடாமல், எல்லாரையும் வலது பக்கமாக நகர்த்தி இறக்குங்கள். முதலில் அபாய விளக்கு, அப்புறம் மேல்சட்டை, அப்புறம் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். முக்கோணத்தை வைக்கப் போவது உயிருக்கு ஆபத்து என்றால் மோட்டர்வேயில் வைக்க வேண்டாம், பிரெஞ்சு விதியே அதை ஒத்துக்கொள்கிறது. காருக்குள் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள், மழை பெய்தாலும்.

ஜெர்மனியில் ஆட்டோபானில், அதாவது அந்த நாட்டு மோட்டர்வேயில், பெட்ரோல் தீர்ந்து நிற்பதே குற்றம், ஏனென்றால் தவிர்க்கக்கூடிய காரணத்துக்காக அங்கே நிற்கக்கூடாது. ஓரத்துக் கம்பங்களில் உள்ள சின்ன அம்புக்குறி, பக்கத்து அவசரத் தொலைபேசி எந்தத் திசையில் என்று காட்டும். 1903-இல் தொடங்கிய ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசியின் மஞ்சள் வண்டி வந்து நின்றால் திகைக்க வேண்டாம். பிரிட்டிஷ் நிறுவனங்கள் வெளிநாட்டில் பெரும்பாலும் அங்கங்கே உள்ள கூட்டாளிகளைத்தான் அனுப்புகின்றன.

நிறுவனத்தோடு பேசும்போது வழக்கு எண் ஒன்று தருவார்கள். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு யாரோடு, எத்தனை மணிக்கு, என்ன பேசினோம் என்று போனில் குறித்துக்கொண்டே வாருங்கள். அவர்கள் ஒப்புதல் இல்லாமல் நீங்களாக ஹோட்டல் போட்டாலோ கராஜுக்குக் காரை நகர்த்தினாலோ பணம் திரும்பாது. 'சரி, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பிறகு தருகிறோம்' என்றால் அதைக் குறுஞ்செய்தியில் கேட்டு வாங்குங்கள். கராஜில் ரிப்பேர் தொடங்குமுன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். காரை லாரியில் ஏற்றி பிரிட்டனுக்கு அனுப்புவது என்று முடிவானால் வீட்டு வாசலுக்கு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். லாக் புக், நகை, மருந்து, லேப்டாப் எதையும் உள்ளே விடாதீர்கள், காருக்குள் கிடக்கும் சாமானுக்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை.

ஊர் வந்ததும் ரசீதுகளைப் போட்டோ எடுத்து உடனே அனுப்பிவிடுங்கள், கடைசித் தேதி ஒன்று இருக்கும். மறுத்தால் முதலில் நிறுவனத்திடமே முறைப்படி புகார் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு எட்டு வாரம் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒத்துவராவிட்டாலோ, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன் சர்வீஸுக்குக் கொண்டுபோகலாம். கட்டணம் எதுவும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் கிடைத்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். போன் உரையாடல்களைக் குறித்து வைத்த அந்தப் பட்டியலையும் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.